பரிசோதனையும் பாஷையும்

1913-ஆம் வருஷம் கிரேக்க தேசத்திலிருந்து நியூயார்க்கில் வந்திறங்கிய ஜார்ஜ் பாப்பனிகொலாவ் என்ற வைத்தியர் ஆங்கிலம் சரிவர அறியாதவராகையால், ஒரு பெருங்கடையிலே அவர் கம்பளம் விற்கவும், அவர் மனைவி பொத்தான் தைக்கவும் நேர்ந்தது. கருப்பை வாய்ப் புற்றுநோயை அதன் அங்குரத்திலேயே கண்டறியப் பிற்காலத்தில் அவர் வகுத்த முறைதான் இன்று 'பாப்' பரிசோதனை என்று வழங்குகிறது; அதன் பொருட்டு வருஷக்கணக்காகத் தம் தேகத்தையே ஒப்புக்கொடுத்தவரும் அந்த அம்மையாரே. குடியேறி வந்த தம்பதியின் உழைப்பில் பிறந்த அந்தச் சோதனை, குடியேறி வந்த பெண்களுக்கே எட்டாமற் போனதை எண்ணும்போது மனம் கனக்கிறது.

பால்டிமோர், வாஷிங்டன் வட்டாரத்துக் கொரியப் பெண்களை எடுத்துக்கொள்வோம். சலவைக் கடையோ மளிகைக் கடையோ வைத்துக் குடும்பமாக உழைக்கும் அவர்களுள் பலருக்கு மருத்துவக் காப்பீடு இருப்பதில்லை. கடையைப் பூட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகப் பொழுதும் வாய்ப்பதில்லை. இவற்றினும் பெரிய தடை பாஷையே என்பது என் அபிப்பிராயம். குடும்பத்தில் யாருக்கேனும் இன்ன வியாதி உண்டா, கடைசியாக இன்ன சோதனை செய்துகொண்டது எந்த மாதம் என்று, ஆஸ்பத்திரியில் கொடுக்கும் படிவத்திலே அடுக்கடுக்காக வரும் கேள்விகளின் முன், தாய்மொழியில் காவியமே படிக்கவல்ல ஸ்திரீயும் எழுத்தறியாதவளைப்போலத் திகைத்து, பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்துபோக எண்ணுவாள். உடம்புக்கு ஒன்றுமில்லாதபோது ஆஸ்பத்திரி எதற்கு என்ற பழைய எண்ணமும் அவளுக்கு அந்த க்ஷணத்தில் நியாயமாகவே தோன்றும்.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையின் செவிலியர் கல்லூரியைச் சேர்ந்த ஹே-ரா ஹானும் அவருடைய சகாக்களும் 2010 முதல் 2014 வரை நடத்திய ஆராய்ச்சி இந்தத் தடையைத்தான் குறிவைத்தது. காலம் கடந்தும் சோதனை செய்துகொள்ளாத 560 பெண்களை 23 கொரிய தேவாலயங்களிலிருந்து சேர்த்து, அவற்றுள் ஒரு பகுதித் தேவாலயங்களைச் சேர்ந்தவர்களுக்கு மட்டும், அவர்கள் பாஷையே பேசும் சமூக சுகாதார ஊழியர்களைக் கொண்டு மருத்துவச் சொற்களைப் படித்தறியப் பழக்கினார்கள். அதன் பின்னரும் ஆறு மாதம் தொலைபேசியில் விசாரித்து, ஆஸ்பத்திரிக்கு வழி தெரியாது தயங்கியவர்களுக்குத் துணைநின்றார்கள். செவிலியர் பணி என்றால் கட்டுப் போடுவதும் மருந்து கொடுப்பதுமே என்று நினைப்போர் இதைச் சற்று சிரத்தையோடு கவனிக்க வேண்டும். மார்பகத்துக்குரிய மேமோகிராம், கருப்பை வாய்க்குரிய பாப் ஆகிய இரண்டு சோதனைகளையும் செய்துகொண்டதற்கான வாய்ப்பு விகிதம், அந்தத் துணையைப் பெறாதவர்களோடு ஒப்பிடுகையில், பெற்றவர்களிடையே சுமார் 17 மடங்காக இருந்தது.