ஸ்டியரிங் மாற்றுவோரும் விற்போரும் கவனிக்க

வாகனத்தை அழகுபடுத்த நினைப்பவர் முதலில் கைவைப்பது பெரும்பாலும் ஸ்டியரிங் வீலில்தான். 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 இல் மீண்டும் அனுமதிக்கப்படும் வரை, பலரும் கையிலிருந்த வாகனத்தையே புதுப்பித்து ஓட்டினார்கள். அந்தப் பழக்கம் இன்னும் விட்டுப்போகவில்லை. உதிரிப்பாக வியாபாரத்தில் இருப்பவன் என்ற முறையில், வாங்குபவரும் விற்பவரும் தெரிந்திருக்க வேண்டிய சில விடயங்களை இக்கிழமை எழுதுகிறேன்.

எயார்பேக் உண்டா?

கேட்க வேண்டிய முதல் கேள்வி விலையல்ல; வாகனத்தில் எயார்பேக் இருக்கிறதா என்பதுதான். டொயோட்டா டிஎக்ஸ் வேகன், நிஸான் சனி பி11 போன்ற 1980களின் வாகனங்களில் அது இல்லை, தாராளமாக மாற்றலாம். கொரோலா 121 போன்றவற்றில் சாரதியின் எயார்பேக் ஸ்டியரிங்கின் நடுவிலேயே இருக்கிறது. கடும் மோதலின்போது ஒரு செக்கனின் இருபதில் ஒரு பங்கு நேரத்துக்குள் அது ஊதி, சாரதியின் தலையையும் நெஞ்சையும் காக்கிறது. வெளிச் சந்தையில் கிடைக்கும் அலங்கார ஸ்டியரிங்குகளில் எயார்பேக் கிடையாது. அதைப் பூட்டுபவர் அழகுக்காக உயிர்க் காப்பைக் கழற்றுகிறார். இப்படிப்பட்ட வாகனத்துக்கு மாற்ற வேண்டாம் என்பதே என் ஆலோசனை.

கழற்றியதும் எச்சரிக்கை விளக்கு எரியும். சில இடங்களில் ஒரு ரெசிஸ்டரைப் பூட்டி அதை அணைத்துவிடுகிறார்கள். நாளை அந்த வாகனத்தை வாங்குபவர் எல்லாம் சரியாக இருப்பதாகவே நம்புவார். இது வியாபாரமல்ல, ஏமாற்று.

பாவித்த எயார்பேக் ஸ்டியரிங் விற்போரும் கவனிக்க வேண்டும். ஜப்பானின் டகாட்டா நிறுவனம் தயாரித்த எயார்பேக்குகளில், ஊதவைக்கும் இரசாயனம் வெப்பத்தாலும் ஈரப்பதத்தாலும் காலப்போக்கில் கெட்டு, வெடிக்கும்போது இரும்புத் துண்டுகள் சிதறி உலகெங்கும் பலர் இறந்தார்கள். 2008 இல் தொடங்கிய திருப்பி அழைப்பு சுமார் 10 கோடி எயார்பேக்குகளைத் தொட்டது. 2017 இல் அந்த நிறுவனம் வங்குரோத்தானது. நமது நாடு வெப்பமும் ஈரமும் நிறைந்தது. எந்த வாகனத்திலிருந்து கழற்றியது என்று தெரியாத எயார்பேக்கை விற்காதீர்கள்.

அளவும் பொருத்தமும்

புதிய ஸ்டியரிங் நேரடியாக வாகனத்தில் பூட்டப்படுவதில்லை. இடையில் 'பொஸ்' என்ற பாகம் தேவை. அதன் உட்பற்கள் உங்கள் வாகனத்தின் தண்டுக்குச் சரியாகப் பொருந்த வேண்டும். மறுபக்கம் மோமோ, ஸ்பார்க்கோ போன்றவற்றுக்கு ஆறு போல்ட் துளைகள் 70 மில்லிமீற்றர் வட்டத்திலும், நார்டிக்கு 74 மில்லிமீற்றர் வட்டத்திலும் அமைந்திருக்கும். வித்தியாசம் 4 மில்லிமீற்றர்தானே என்று துளையை அகலமாக்கிப் பூட்டிய வாகனமொன்றை நான் பார்த்திருக்கிறேன். சில மாதங்களில் ஸ்டியரிங் ஆடத் தொடங்கியிருந்தது.

பவர் ஸ்டியரிங் இல்லாத பழைய வாகனத்துக்கு 350 மில்லிமீற்றருக்குக் குறைந்ததை வாங்காதீர்கள். வீல் சிறுத்தால் திருப்ப அதிக பலம் வேண்டும். வாகனத்தை நிறுத்தும்போது கை வலிக்கும்.

பூட்டும் முறை

பற்றரியின் மறை முனையைக் கழற்றுங்கள். முன் சில்லுகளை நேராக நிறுத்தி, பழைய வீலுக்கும் தண்டுக்கும் குறுக்கே ஓர் அடையாளம் இடுங்கள். நடு நட்டை முழுதாகக் கழற்றாமல் சில சுற்றுகள் மீதம் வையுங்கள். இல்லாவிட்டால் வீல் திடீரென விடுபட்டு முகத்தில் அடிக்கும். இறுகியிருந்தால் புல்லர் பாவியுங்கள். சுத்தியலால் தட்டக்கூடாது. விபத்தில் மடங்குவதற்கென்று செய்யப்பட்ட தண்டு அதனால் பழுதாகும்.

பூட்டும்போது நடு நட்டை டோர்க் ரென்ச்சால் வாகனக் கைநூலில் உள்ளபடி இறுக்க வேண்டும். பல ஜப்பானிய கார்களுக்கு அது ஏறக்குறைய 35 முதல் 50 நியூட்டன் மீற்றர். ஆறு சிறு போல்ட்களையும் எதிரெதிராக, சிறிது சிறிதாக இறுக்குங்கள். பிறகு இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். ஹோர்ன் அடிக்கிறதா, சிக்னல் தானாக அணைகிறதா, மீற்றர் மறையாமல் தெரிகிறதா என்று பரிசோதியுங்கள். ஒரு கிழமை ஓடியபின் போல்ட்களை மீண்டும் பாருங்கள். மாற்றியதைக் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவிப்பதும் நல்லது.

பராமரிப்பு

தோல் உறையிட்ட வீலைக் கை வியர்வையும் வெயிலும்தான் கெடுக்கும். மென்மையான சவர்க்கார நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். பெற்றோல், தின்னர், கைச் சுத்திகரிப்பான் படக்கூடாது. பளபளக்கும் சிலிக்கன் பொலிஷ் வழுக்கும். தளர்ந்து சுழலும் உறையும் அதே அளவு ஆபத்தானது. வெயிலில் நிறுத்தும்போது முன் கண்ணாடிக்கு மறைப்பு இடுங்கள்.

கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. வாகனத்தின் மொடல், ஆண்டு, எயார்பேக் விபரம் மூன்றையும் கேட்டு பில்லில் எழுதிவிட்டு விற்பனை செய்யுங்கள். பொருந்தாது என்றால் பொருந்தாது என்றே சொல்லுங்கள். ஒரு விற்பனை கைநழுவலாம். ஆனால் அந்த வாடிக்கையாளர் அடுத்த முறை பிரேக் பேட் வாங்கவும் உங்களிடம்தான் வருவார்.