இரண்டு ஃபிளாப்பி காலம்

தொண்ணூறுகளில் டிடிபி சென்டருக்குள் போக வேண்டுமானால் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட வேண்டும். மெஷினுக்குத் தூசு ஆகாது என்பார்கள். செருப்போடு வந்தால் வைரஸ் வந்துவிடும் என்று நம்பிய கடைக்காரர்களும் உண்டு. உள்ளே ஏசி, திரை போட்ட ஜன்னல், பேஜ்மேக்கர் ஓடும் ஒரே ஒரு கம்ப்யூட்டர். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக அழைப்பிதழ், தேர்தல் நோட்டீஸ், யாரோ ஒருவருடைய முதல் கவிதைத் தொகுப்பு எல்லாம் அந்தப் பெட்டியிலிருந்துதான் வெளியே வந்தன. வேலை முடிந்ததும் ஆபரேட்டர் ஃபைலை இரண்டு ஃபிளாப்பியில் ஏற்றித் தருவார். “ஒண்ணு ஓப்பன் ஆகலைன்னா இன்னொண்ணு இருக்கட்டும் சார்.”

அடிபட்டு அடிபட்டு வந்த பழக்கம் அது. மூன்றரை அங்குல ஃபிளாப்பி கொள்வது 1.44 எம்பி. இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு படமே அதற்குள் அடங்காது. மழைக்காலம் வந்தால் உள்ளே இருக்கும் மெல்லிய வட்டில் பூஞ்சை பூக்கும். பூஞ்சை பிடித்ததைத் தெரியாமல் செருகிவிட்டால் டிரைவின் ஹெட் அழுக்காகி, அடுத்துப் போடும் நல்ல ஃபிளாப்பியையும் கீறும். சட்டைப் பையில் வைத்து பைக்கில் பிரஸ் வரைக்கும் போய்ச் சேர்வதற்குள் செத்துப்போன ஃபிளாப்பிகளுக்குக் கணக்கே கிடையாது. ‘இந்த டிஸ்க் ஃபார்மேட் ஆகவில்லை, ஃபார்மேட் செய்யவா?’ என்று திரை கேட்கும்போது, பதறிப்போய் ‘யெஸ்’ அழுத்தியவர்களும் இருந்தார்கள்.

ஃபிளாப்பியோடு முடியவில்லை. லேசர் பிரிண்டரில் பட்டர் ஷீட்டில் அவுட்புட் எடுத்துத்தான் பிளேட் போடுவார்கள். பிளேட் போட்டு முடிந்ததும் பிரஸ்காரர் அந்த ஷீட்டுகளைச் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, பரணில் வைத்துவிடுவார். கம்ப்யூட்டரில் ஃபைல் போய்விட்டாலும், எழுத்துருவே கிடைக்காமல் போனாலும் அந்தச் சுருளை எடுத்து மறுபதிப்பு போட்டுவிடலாம். அப்படி வந்த மறுபதிப்புகளில் பழைய அச்சுப்பிழைகளும் பத்திரமாக இருக்கும், அது வேறு விஷயம்.

பேக்கப்புக்கு இன்று எல்லோரும் சொல்லும் விதி மூன்று-இரண்டு-ஒன்று. மூன்று பிரதிகள், இரண்டு விதமான சாதனங்கள், ஒன்றாவது வேறு இடத்தில். பீட்டர் க்ரோ என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பரப்பியது. நம்மூர் டிடிபி ஆபரேட்டர் அவர் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஆனால் ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, ஃபிளாப்பியில் இரண்டு, அடுத்த தெரு பிரஸ்ஸின் பரணில் பட்டர் ஷீட் என்று கணக்குப் பார்த்தால், விதியைத் தாண்டியே செய்திருக்கிறார். சாதனத்தின் மேல் அவருக்கு ஒரு பைசா நம்பிக்கை கிடையாது. அந்த நம்பிக்கையின்மைதான் நம்மிடமிருந்து முதலில் கழன்று போனது.

கழற்றியது ஹார்ட் டிஸ்க். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் 40 ஜிபி வீட்டுக்குள் வந்ததும் ஃபிளாப்பி அற்பமாகத் தெரிந்தது. எல்லாவற்றையும் உள்ளேயே போட்டுக்கொண்டோம். அந்தக் காலத்தின் வேதவாக்கு, “டி டிரைவ்ல போட்டு வைங்க.” விண்டோஸ் மக்கர் செய்தால் சர்வீஸ் பையன் வந்து சி டிரைவை ஃபார்மேட் அடித்து ஓஎஸ் போட்டுவிட்டுப் போவான். டி டிரைவ் அப்படியே இருக்கும். இப்படி நாலு தடவை தப்பித்ததில் டி டிரைவ் என்பது தனிப் பெட்டகம் என்ற எண்ணம் ஊறிவிட்டது. இரண்டும் ஒரே ஹார்ட் டிஸ்க்கைக் கோடு கிழித்துப் பிரித்த பாகங்கள்தான் என்பது, ஒருநாள் உள்ளேயிருந்து ‘டிக்... டிக்...’ என்று சத்தம் வந்தபோதுதான் பலருக்கு விளங்கியது. தகட்டைப் படிக்கும் ஹெட் இடம் தெரியாமல் திரும்பத் திரும்ப அலைபாயும் சத்தம் அது. அதற்கு மேல் அதில் கரன்ட் கொடுக்கக் கூடாது. ஆனால் கேட்டவுடன் எல்லோரும் செய்தது, இன்னொரு தடவை ஆன் பண்ணிப் பார்ப்பதுதான்.

சிடி ரைட்டர் வைத்திருந்தவர்கள் 700 எம்பி, 700 எம்பியாக எரித்து, மார்க்கரில் தேதி எழுதி, ஸிப் வைத்த பையில் அடுக்கினார்கள். நல்ல காரியம்தான். ஆனால் எழுதத்தக்க சிடியில் தகவலைப் பிடித்து வைத்திருப்பது ஒரு சாயப்பூச்சு. வெயிலும் ஈரமும் பட்டால் மலிவான சிடிகள் சில வருடங்களிலேயே மக்கிவிடும். போதாததற்குக் கம்ப்யூட்டர் மேஜைக்குக் கீழ் தட்டிலேயே அந்தப் பையும் இருக்கும். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் முடிச்சூரிலும் கோட்டூர்புரத்திலும் தரைத்தளத்தில் தண்ணீர் ஏறியபோது சிபியு, சிடி பை, கல்யாண ஆல்பம் மூன்றும் சேர்ந்தே நனைந்தன. 2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வானாக்ரை வைரஸ் உலகத்தைச் சுற்றி வந்தபோது, எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கி அதை எந்நேரமும் கம்ப்யூட்டரிலேயே செருகி வைத்திருந்தவர்களுக்கு இரண்டும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டன.

இன்றைக்கு இந்தச் சங்கடங்களெல்லாம் பழங்கதை மாதிரித் தெரிகின்றன. கேட்டால், “எல்லாம் கிளவுட்ல இருக்கு” என்கிறார்கள். இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலானவர்களிடம் இருப்பது பேக்கப் அல்ல, சிங்க்தான். இங்கே செய்வதை அங்கேயும் செய்யும். போனில் இடமில்லை என்று கூகுள் போட்டோஸைத் திறந்து படங்களை அழித்தால், கிளவுடிலிருந்தும் அவை கிளம்பிவிடும். குப்பைத் தொட்டியில் 60 நாள் கிடக்கும், அதற்குள் நினைவு வந்தால் உண்டு. இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி நிரம்பிவிட்டால் பேக்கப் நின்றுவிடும். இரண்டு வருடம் தொடாத கணக்கை நிறுவனமே அழித்துவிடலாம் என்பது 2023 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. காலமான அப்பாவின் போனை அலமாரியில் பத்திரமாக வைத்திருக்கும் வீடுகள் எத்தனையோ. அவர் போட்ட பேட்டர்ன் யாருக்கும் தெரியாது.

இப்போதைய இழப்பு எப்படி இருக்கும் என்பதை எங்கள் பகுதி சர்வீஸ் கடை ஒன்றில் பார்த்தேன். ஒரு அம்மாளுடைய லேப்டாப்பின் மதர்போர்டைச் சரிசெய்துவிட்டார்கள். ஆன் செய்ததும் விண்டோஸுக்குப் பதிலாக நீலத் திரை வந்து 48 இலக்க எண் கேட்டது.

“பிட்லாக்கர் கீ எழுதி வச்சிருக்கீங்களாக்கா?”

“அப்படி எதுவும் யாரும் தரலியே தம்பி.”

“மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல இருக்கும். ஈமெயில் ஐடி சொல்லுங்க.”

“அது வாங்கின கடைல பையன்தான் ஏதோ போட்டுக் குடுத்தான். பாஸ்வேர்டும் அவன்தான்...”

டிஸ்க் உடையவில்லை, வைரஸ் இல்லை, ஒரு ஃபைல்கூட அழியவில்லை. அந்த அம்மாளின் பொண்ணுடைய ப்ராஜெக்டும் எட்டு வருடப் படங்களும் முழுசாக உள்ளேயே இருந்தன, யாராலும் படிக்க முடியாத வடிவத்தில். இப்போது வரும் விண்டோஸ் 11 மெஷின்களில் பல, வாங்கி லாகின் செய்தவுடனேயே தானாகப் பூட்டிக்கொள்கின்றன. திருடனுக்கு எதிராக நல்ல ஏற்பாடு. சாவி எங்கே இருக்கிறது என்பதைப் பெட்டியோடு சேர்த்து ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்திருக்கலாம்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ‘டேட்டா ரெக்கவரி’ போர்டுகள் இன்றும் தொங்குகின்றன. பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஃபைலை அழித்தாலும் அதன்மேல் வேறொன்று எழுதும்வரை அது தகட்டில் கிடக்கும், தோண்டி எடுத்துவிடலாம். எஸ்எஸ்டி அப்படியல்ல. அழித்த இடத்தை டிரிம் என்ற ஏற்பாட்டின் மூலம் தானே துடைத்து வைத்துக்கொள்கிறது. வேகத்துக்குக் கொடுத்த விலை. அழிந்த ஃபைலோடு எஸ்எஸ்டியைக் கொண்டுபோனால், மெக்கானிக் கையில் வாங்கிப் பார்க்கும் முன்பே தலையை ஆட்டிவிடுகிறார்.

தனிமனிதர்களின் அசட்டை என்று மட்டும் இதை ஒதுக்கிவிட முடியாது. 2025 செப்டம்பர் 26 அன்று தென் கொரியாவின் டேஜோன் நகரில் அரசுத் தகவல் மையம் தீப்பிடித்தது. லித்தியம் பேட்டரியில் தொடங்கிய நெருப்பு. அரசு ஊழியர்கள் அலுவலகக் கோப்புகளைச் சேமித்து வந்த ஜி-டிரைவ் எரிந்தது, 858 டெராபைட். சொந்தக் கம்ப்யூட்டரில் வைக்காதீர்கள், அங்கே வையுங்கள் என்று சொல்லப்பட்டிருந்த இடம் அது. அளவு ரொம்பப் பெரிது என்று வெளியில் நகல் எடுக்கவில்லையாம். ‘டி டிரைவ்ல போட்டு வைங்க’தான், கொஞ்சம் பெரிய அளவில்.

மாற்றம் அப்பட்டமாகத் தெரிவது போட்டோ ஸ்டுடியோவில். முன்பு நெகட்டிவ் கவரில் நம்பர் போட்டு வைத்திருப்பார்கள். பத்து வருடம் கழித்துப் போய் நம்பரைச் சொன்னால் இன்னொரு பிரின்ட் கிடைக்கும். கல்யாண ஆல்பமும் இரண்டு வீட்டாரும் தனித்தனியாகப் போட்டுக்கொள்வது வழக்கம், பெரும்பாலும் வீம்புக்காக. இன்று ஒரே நாளின் வீடியோவும் படங்களும் சேர்ந்தால் டிஸ்க்கில் பெரும் இடத்தை அடைத்துக்கொள்ளும். எத்தனை கல்யாணத்தைத்தான் அவர்கள் சேர்த்து வைப்பார்கள்? பென்டிரைவைக் கொடுத்து, இத்தனை மாதத்துக்கு மேல் எங்களிடம் இருக்காது என்று பில்லிலேயே போட்டுவிடுகிறார்கள். குறை சொல்ல முடியாது.

எனக்குத் தெரிந்த ஸ்டுடியோக்காரர் ஒருவர் இப்போது பேக்கேஜிலேயே இரண்டு ஹார்ட் டிஸ்க்குக்கான விலையைச் சேர்த்துவிட்டார். எதற்கு இரண்டு என்று கேட்பவர்களிடம் அவர் பேக்கப் பற்றியெல்லாம் பேசுவதில்லை. “பொண்ணு வீட்டுக்கு ஒண்ணு, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒண்ணு” என்கிறார். அதன்பிறகு யாரும் பேரம் பேசுவதில்லையாம்.