கிறிஸ்தவ உலகும் மனிதனின் விலங்கு மூதாதையும்

மனிதனும் குரங்கினங்களும் ஒரு பொது மூதாதையிலிருந்து கிளைத்தவை என்ற கருத்தைக் கிறிஸ்தவ உலகம் எவ்வாறு எதிர்கொண்டது? இவ்வினாவுக்கு எம்மிடையே இரு ஆயத்த விடைகள் உலவுகின்றன. திருச்சபை அதனை ஒரே குரலில் எதிர்த்து ஈற்றில் தோல்வி கண்டது என்பது ஒன்று. திருச்சபைகள் தமது வேதத்தைக் கைவிட்டு விஞ்ஞானத்திடம் சரணடைந்தன என்பது மற்றையது. வரலாற்றை நிதானமாக வாசிப்பவருக்கு இவ்விரண்டுமே திருப்தி தரா.

1860 ஜூன் 30 அன்று ஒக்ஸ்போர்டில் நடைபெற்ற விவாதத்தையே எடுத்துக்கொள்வோம். பிஷப் வில்பர்போர்ஸ் ஹக்ஸ்லியின் குரங்குப் பாட்டனாரைப் பற்றிக் கேலி செய்ததும், ஹக்ஸ்லி அவரை ஒரே வாக்கியத்தில் வீழ்த்தியதும் நூல்தோறும் திரும்பத் திரும்பக் கூறப்படுகின்றன. ஆயினும், அன்று பேசப்பட்டவற்றின் சொல்லுக்குச் சொல்லான பதிவு எதுவும் இல்லை. பிரபலமான வடிவம் பல தசாப்தங்களுக்குப் பின்னர் எழுதப்பட்ட நினைவுக் குறிப்புகளிலிருந்து பெறப்பட்டதாகும். வில்பர்போர்ஸ் அதே காலத்தில் எழுதிய மதிப்புரை திறமையானது என்பதை டார்வினே ஒப்புக்கொண்டிருந்தார். விவாதத்தின் மறுநாள் அதே நகரில் பிரசங்கம் செய்த பிரெடரிக் டெம்பிள், இறைவனின் செயலை விஞ்ஞானத்தின் இடைவெளிகளில் அல்ல, இயற்கையின் விதிகளிலேயே தேட வேண்டும் என்றார். அவர்தான் பின்னர் கேன்டர்பரியின் பேராயர் பதவியை அடைந்தார். இச்செய்தி ஏனோ அதிகம் பேசப்படுவதில்லை.

உண்மையான சிக்கல் ஆறு நாள் படைப்புப் பற்றியதன்று. ஆதியாகமத்தின் ‘நாள்’ நீண்ட யுகத்தைக் குறிக்கலாம் என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பல இறையியலாளர்கள் டார்வினுக்கு முன்பே ஏற்றிருந்தனர். அவர்களைக் கலங்கச் செய்தது ஆதாம் பற்றிய வினாவாகும். ஆதாமின் வீழ்ச்சியால் மனித குலம் முழுவதும் பாவ நிலையில் பிறக்கிறது, அந்நிலையிலிருந்து மீட்கவே இயேசு வந்தார் என்பது பவுலின் உரோமர் நிருபத்திலிருந்து புனித அகஸ்டீனால் விரித்துரைக்கப்பட்ட ஜென்மபாவக் கோட்பாடு. இதில் ஆதாம் ஒரு குறியீடு மட்டுமே என்றானால், மீட்பின் தேவை எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எழுகிறது. ஆதம் (அலை) பிழை பொறுக்கப்பட்டவர், ஒருவரின் சுமையை மற்றொருவர் சுமப்பதில்லை என்ற அல்குர்ஆனியப் போதனையில் வளர்ந்த வாசகருக்கு இக்கலக்கத்தின் ஆழம் எளிதில் புலப்படாது. ஆதாமை இழப்பது கிறிஸ்தவ இறையியலாளருக்கு ஒரு வரலாற்றுத் தகவலை இழப்பதன்று. அவரது மீட்புக் கோட்பாட்டின் முதல் கல்லை இழப்பதாகும்.

இவ்வெளிச்சத்தில் நோக்கினால் அமெரிக்கப் புரட்டஸ்தாந்தியரின் பிளவும் விளங்கும். பிரின்ஸ்டன் இறையியலாளர் சார்ல்ஸ் ஹொட்ஜ் 1874 இல் டார்வினியம் நாத்திகமே எனத் தீர்ப்பளித்தார். ஆனால், அவர் கண்டித்தது உயிரினங்களின் மாற்றத்தை விட, அம்மாற்றத்தில் இறை நோக்கம் இல்லை என்ற வாதத்தையே எனலாம். டார்வினின் நண்பரும் உறுதியான கிறிஸ்தவருமான தாவரவியலாளர் ஆசா கிரே மறுபக்கம் நின்றார். ஹொட்ஜுக்குப் பின் அதே பிரின்ஸ்டனில் கற்பித்த வார்பீல்ட், பைபிளில் பிழையே இல்லை என்று வாதிட்டவர். அவர் 1911 இல் எழுதிய கட்டுரையொன்றில், மனித இனத்தின் தொன்மை இறையியலுக்கு முக்கியமன்று, அதன் ஒருமையே முக்கியமானது எனக் கூறியது கவனத்திற்குரியது. கறுப்பின மக்கள் தனியாகப் படைக்கப்பட்ட வேறோர் இனம் என அடிமை முறையின் ஆதரவாளர் சிலர் ‘விஞ்ஞானம்’ பேசிய நாட்டில், அனைவருக்கும் ஒரே மூதாதை என்பது வெறும் ஏட்டு வாதமாக இருக்கவில்லை.

இவ்விவாதம் அரபு மொழியிலும் நடந்தது. பெய்ரூட்டில் அமெரிக்க மிஷனரிகள் 1866 இல் நிறுவிய சிரியப் புரட்டஸ்தாந்துக் கல்லூரியின் (இன்றைய பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழகம்) 1882 ஆம் ஆண்டுப் பட்டமளிப்பு விழாவில், பேராசிரியர் எட்வின் லூயிஸ் அறிவு, விஞ்ஞானம், ஞானம் என்பன பற்றி அரபியில் உரையாற்றினார். அவ்வாண்டு ஏப்ரலில் மறைந்திருந்த டார்வினைப் பொறுமையான ஆய்வுக்கு முன்மாதிரியாகக் காட்டினார். யஃகூப் ஸர்ரூப், பாரிஸ் நிம்ர் ஆகிய இருவரும் நடத்திய ‘அல்முக்ததஃப்’ சஞ்சிகை அவ்வுரையை வெளியிட்டது. மிஷனரி ஜேம்ஸ் டெனிஸின் மறுப்பும் அதிலேயே வெளியாயிற்று. விஷயம் நியூயோர்க்கிலிருந்த தர்மகர்த்தா சபையை எட்டியது. லூயிஸ் பதவி இழந்தார். மருத்துவ மாணவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்தனர். 1840 முதல் அப்பிரதேசத்தில் பணியாற்றியவரும் பைபிளின் அரபு மொழிபெயர்ப்பை 1865 இல் நிறைவு செய்தவருமான கொர்னேலியஸ் வான் டைக் கல்லூரியிலிருந்து விலகினார். பைபிளை அரபியில் தந்த அறிஞரே, டார்வினின் பெயரைச் சொன்னதற்காக ஒருவர் தண்டிக்கப்படக் கூடாது என்று வெளியேறியதை வாசிக்கும்போது, ‘மதமும் விஞ்ஞானமும் மோதின’ என்ற சொற்றொடர் எவ்வளவு தட்டையானது என்பது புரிகிறது. கிளர்ச்சியில் ஈடுபட்ட மாணவருள் ஒருவரான ஜுர்ஜி ஸைதான், கெய்ரோ சென்று 1892 இல் ‘அல்ஹிலால்’ சஞ்சிகையைத் தொடங்கினார்.

கத்தோலிக்கத் திருச்சபை வேறு பாதையில் சென்றது. 1860 இல் கொலோனில் கூடிய ஜெர்மானிய ஆயர்கள், மனித உடல் கீழ்நிலை இயற்கையிலிருந்து தானாக மாறி வந்தது என்பது வேதத்துக்கு முரணானது என்றனர். எனினும், டார்வினின் நூல் உரோமின் தடைப்பட்டியலில் ஒருபோதும் சேர்க்கப்படவில்லை. அவரது பாட்டனார் எராஸ்மஸ் டார்வினின் நூலொன்றே அதில் இடம்பெற்றிருந்தது! உடல் கூர்ப்பினால் (பரிணாமத்தால்) வந்தது, ஆன்மாவை இறைவன் நேரடியாகப் படைக்கிறான் என்ற தீர்வைப் பிரித்தானிய விலங்கியலாளர் மிவார்ட் 1871 இல் முன்வைத்தார். அமெரிக்கக் குருவான ஜோன் ஸாம் 1896 இல் எழுதிய நூலுக்கு எதிராக 1898 இல் தடை முடிவாகியும், அது பகிரங்கமாக அறிவிக்கப்படவில்லை. அதன் முழுவிபரம், வத்திக்கானின் அவ்வாவணக் காப்பகம் 1998 இல் ஆய்வாளருக்குத் திறக்கப்பட்ட பின்னரே தெரியவந்தது. பாப்பரசர் பன்னிரண்டாம் பயஸ் 1950 இல் விடுத்த சுற்றுமடல் மிவார்ட்டின் பாகுபாட்டையே ஏறத்தாழ ஏற்றது. உடலின் தோற்றத்தை அறிஞர் ஆராயலாம். ஆன்மா இறைவனின் நேரடிப் படைப்பு. ஆனால், மனிதர் பல முதற்பெற்றோரின் வழிவந்தோர் என்ற கருத்து ஜென்மபாவத்துடன் எவ்வாறு இணங்கும் என்பது தெரியாததால், அதனைத் தழுவ விசுவாசிகளுக்கு உரிமையில்லை என்றார். 1996 இல் இரண்டாம் ஜோன் போல், கூர்ப்பு வெறும் கருதுகோள் என்ற நிலையைக் கடந்துவிட்டது என அறிவித்தபோதும் ஆன்மா பற்றிய எல்லைக்கோட்டை அழிக்கவில்லை.

அமெரிக்காவின் டெனசி மாநிலம் 1925 இல் இயற்றிய சட்டம் மனிதன் கீழ்நிலை விலங்கிலிருந்து வந்தான் எனக் கற்பிப்பதையே தடை செய்தது; தாவரங்களினதும் ஏனைய விலங்குகளினதும் கூர்ப்பு அதில் குறிப்பிடப்படவில்லை. ஆசிரியர் ஸ்கோப்ஸின் வழக்கில் அரசுத் தரப்பில் வாதாடிய பிரையன், படைப்பின் நாட்கள் இருபத்து நான்கு மணி நேர நாட்களாக இருக்க வேண்டியதில்லை எனச் சாட்சிக் கூண்டில் ஒப்புக்கொண்டார். பூமி சில ஆயிரம் ஆண்டுகளே பழையது என்ற பிடிவாதம், விட்கொம்ப், மொரிஸ் ஆகியோரின் 1961 ஆம் ஆண்டு நூலுக்குப் பின்னரே சுவிசேஷ சபைகளிடையே பேரலையாக எழுந்தது. மொரிஸின் நிறுவனம் வெளியிட்ட நூல்கள் 1980களில் துருக்கி மொழிக்குப் பெயர்க்கப்பட்டன. அவற்றின் வாதங்கள் பல பின்னர் ஹாரூன் யஹ்யாவின் பெயரில் வந்த நூல்களில், பூமியின் வயது மட்டும் நீக்கப்பட்டு, முஸ்லிம் வாசகரை வந்தடைந்தன. ஜென்மபாவக் கோட்பாட்டைக் காக்க எழுந்த ஓர் இயக்கத்தின் ஆயுதங்களை, அக்கோட்பாடே இல்லாதவர் எடுத்தாளும்போது அவற்றின் பூர்விகத்தையாவது அறிந்திருத்தல் நன்று.

2005 இல் சிம்பன்சியின் மரபணுத் தொகுதி வெளியானபோது, ஒப்பிடத்தக்க பகுதிகளில் மனிதனுடனான ஒற்றை எழுத்து வேறுபாடு ஏறத்தாழ 1.2 சதவீதமே எனக் கண்டறியப்பட்டது. குரங்கினங்களின் 24 சோடி நிறமூர்த்தங்களுள் இரண்டு இணைந்தே மனிதனின் இரண்டாம் நிறமூர்த்தம் உருவானது என்பதற்கு அந்நிறமூர்த்தத்திலேயே தடயம் உண்டு. மனித மரபணுத் திட்டத்தை வழிநடத்திய பிரான்சிஸ் கொலின்ஸ் என்ற சுவிசேஷக் கிறிஸ்தவர் 2006 இல் எழுதிய நூலில் இவற்றைப் பொது மூதாதைக்கான சான்றுகளாக ஏற்றார். மூதாதையர் தொகை, கடந்த சில இலட்சம் ஆண்டுகளில் ஒரே சோடியாகச் சுருங்கியதில்லை என்ற மரபியலாளர் முடிவே இன்று கடினமான வினா. கணிப்பு உயிரியலாளர் ஜோஷுவா சுவாமிதாஸ் 2019 இல், தோட்டத்தில் தனியாகப் படைக்கப்பட்ட ஒரு சோடியின் சந்ததி வெளியே வாழ்ந்தோருடன் கலந்து, இன்றுள்ள அனைவருக்கும் அச்சோடி மூதாதையராதல் மரபியலுக்கு முரணாகாது என வாதிட்டார். மெய்யியலாளர் வில்லியம் லேன் கிரெய்க் 2021 இல் ஆதாமை ஏழரை இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பு, ஹைடல்பெர்க் மனிதரிடையே வைத்தார். ஆதாம் இருந்தே ஆகவேண்டும் என்பதில் இருவரும் ஒருமித்திருக்கின்றனர். அவர் எப்போது வாழ்ந்தார், அவருக்கு வெளியே யார் இருந்தார்கள் என்பதில் இன்னும் உடன்பாடில்லை.