கிண்டிக் காடு யாருடைய காடு?

கத்திரி வெயில் பிறந்துவிட்டால் ஆதம்பாக்கத்துத் தெருக்கள் தோசைக்கல்லாகக் காய்கின்றன. தார் இளகுகிறது, மொட்டைமாடி கொதிக்கிறது, மின்விசிறி சுற்றுகிறது, காற்றோ வரவில்லை. பள்ளிக்கூடம் மூடிக் கிடக்கிறது. பிள்ளைகளுக்கு ஓடியாட இடமில்லை. பெரியவர்களுக்குச் சற்று உட்கார நிழலில்லை. வசதி படைத்தோர் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் பெட்டி கட்டுகிறார்கள். வெள்ளையர் காலத்தில் கவர்னரும் அவருடைய பரிவாரமும் கோடைதோறும் உதகைக்கு மலையேறி, அங்கிருந்தே ராஜ்யபாரம் நடத்தினார்கள். சரி, தினக்கூலிக்கும் மாதச் சம்பளத்துக்கும் உழைப்பவன் எந்த மலைக்குப் போவான்?

அவன் மலைக்குப் போக வேண்டியதில்லை. பரங்கிமலை நிலையத்தில் மின்சார ரயில் ஏறினால் அடுத்த நிறுத்தம் கிண்டி. அங்கே, சர்தார் படேல் சாலையோரம், கோடையிலும் பச்சை குன்றாத ஒரு காடு இருக்கிறது. காட்டின் விளிம்பில் சிறுவர் பூங்கா இருக்கிறது. பக்கத்திலேயே பாம்புப் பண்ணை இருக்கிறது. இந்தியாவில் ஒரு மாநகரத்தின் நடுவே தேசியப் பூங்கா அமைந்திருக்கும் இடங்கள் மிகச் சில. அந்தச் சிலவற்றில் ஒன்று நம் வீட்டு வாசலில் கிடக்கிறது. இருந்தும் நம்மில் எத்தனை பேர் அதை நம்முடையது என்று எண்ணுகிறோம்?

கைமாறிய கதை

எண்ணாததற்குக் காரணம் உண்டு. நெடுங்காலம் அது நம்முடையதாக இருக்கவில்லை. ஆங்கிலேயர் ஒருவருக்குச் சொந்தமாயிருந்த அந்த நிலத்தை, 1821ஆம் ஆண்டு 35,000 ரூபாய் கொடுத்து அரசாங்கம் வாங்கியது. யாருக்காக? கவர்னர் ஓய்வெடுக்க ஒரு மாளிகை. மாளிகையைச் சுற்றி வேட்டைக்கு ஒரு காடு! குடிமக்கள் வேலிக்கு வெளியே நின்றார்கள். 1910இல் 505 ஹெக்டேர் பரப்பு காப்புக் காடாக அறிவிக்கப்பட்டது. அப்போதும் அது மாளிகையின் காடுதான், மக்களின் காடன்று.

நாடு விடுதலை பெற்ற பிறகுதான் கதவு சற்றுத் திறந்தது. 1950களில் அந்தக் காட்டிலிருந்து ஒரு பகுதி பிரிக்கப்பட்டு, மான் பூங்காவும் சிறுவர் பூங்காவும் தோன்றின. கவர்னரின் துப்பாக்கி ஒலித்த இடத்தில் குழந்தைகளின் சிரிப்பொலி கேட்டது. 1977இல் காடு மாநில வனத்துறையின் பொறுப்புக்கு வந்தது. 1978இல் தேசியப் பூங்கா ஆயிற்று. சிறுவர் பூங்கா அண்மையில் புதுப்பிக்கப்பட்டு, 2024இல் சிறுவர் இயற்கைப் பூங்காவாக மீண்டும் திறக்கப்பட்டது. மாளிகைச் சொத்து மக்கள் சொத்தான கதை இது. ஆனால் கதையின் மறுபக்கத்தையும் பார்த்தாக வேண்டும்.

தேய்ந்த கதை

505 ஹெக்டேராக இருந்தது இன்று எவ்வளவு? ஏறத்தாழ 270 ஹெக்டேர்! பாதிக்குப் பக்கம் போய்விட்டது. திருடர் கொண்டு போனாரா? இல்லை. நல்ல காரியங்களுக்காகத்தான் போயிற்று. தொழில்நுட்பக் கல்விக் கழகம் எழுந்தது, நல்லது. காந்தியடிகளுக்கும் ராஜாஜிக்கும் காமராசருக்கும் நினைவிடங்கள் எழுந்தன, நல்லது. 1961 முதல் 1977 வரையில் மட்டும் கல்வி நிலையங்களுக்கும் நினைவிடங்களுக்குமாக 172 ஹெக்டேர் அளவு பிரித்துக் கொடுக்கப்பட்டது. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நல்ல காரணம் இருந்தது. ஆனால் நல்ல காரணங்களைக் கூட்டிப் பார்த்தால் பாதிக் காடு காணாமற் போயிருக்கிறது. இதைத்தான் மறக்கக் கூடாது என்கிறோம். காட்டுக்கு ஆபத்து எப்போதும் கோடரி வடிவில் வருவதில்லை. கோப்பு வடிவிலும் வரும்.

எஞ்சியிருப்பது என்ன? சோழமண்டலக் கரையோரத்துக்கே உரிய உலர் பசுமைமாறாக் காடு. ஒரு காலத்தில் இந்தக் கரை நெடுகப் பரந்திருந்த அந்த வகைக் காடு இன்று திட்டுத்திட்டாகவே மிஞ்சியிருக்கிறது. அதிலொரு திட்டு கிண்டியிலே! 350க்கு மேற்பட்ட செடிகொடி மர வகைகள். 130க்கு மேற்பட்ட பறவை வகைகள். வெளிமான், புள்ளிமான், நரி, நட்சத்திர ஆமை. காத்தான் கொல்லை, அப்பளான் குளம் என்ற பெயர்களில் நீர்நிலைகளும் உண்டு. மழை பெய்தால் அந்த மண் குடிக்கிறது. வெயில் அடித்தால் அந்த மரங்கள் தணிக்கின்றன. 2015 டிசம்பரில் வேளச்சேரி வட்டாரம் வெள்ளத்தில் மிதந்ததையும், 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு குடம் குடமாய் நீருக்கு அலைந்ததையும் பார்த்த மக்களுக்கு, குடிக்கும் மண்ணின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டுமா? 2016 டிசம்பர் 12 அன்று வார்தா புயல் நகரமெங்கும் மரங்களைச் சாய்த்தபோது கிண்டியிலும் மரங்கள் வீழ்ந்தன. புயல் கொண்டுபோனதைக் காடு தானே மீட்டுக்கொள்ளும். கட்டடம் கொண்டுபோனதை எந்தக் காலத்தில் மீட்பது?

ரிச்மண்டு தரும் பாடம்

இலண்டனுக்கு அருகே ரிச்மண்டுப் பூங்கா என்று ஒன்று உண்டு. அதுவும் மான்கள் வாழும் பூங்கா. அதுவும் மன்னனின் வேட்டைக்காடு. 1637ஆம் ஆண்டில் முதலாம் சார்லசு மன்னன் அதைச் சுற்றி மதில் எழுப்பினான். ஊரார் நடந்துபோகும் பாதைகள் மட்டும் இருந்துவந்தன. 1751இல் காவற்பொறுப்புக்கு வந்த இளவரசி அமீலியா அதையும் அடைத்தார். வேண்டியவர்களுக்கு மட்டும் அனுமதிச் சீட்டு என்றார். ஜான் லூயி என்பவர், பீர் வடித்து விற்கும் வியாபாரி, பிரபு அல்லர், வழக்கு மன்றம் சென்றார். 1758இல் வென்றார். மதிலில் கதவு வேண்டுமா, ஏணிப்படி வேண்டுமா என்று கேட்கப்பட்டபோது, ஏணிப்படிதான் வேண்டும் என்றார். கதவென்றால் ஒருநாள் தாழ்ப்பாள் விழும். ஏணிக்கு ஏது தாழ்ப்பாள்? அந்தக் கூர்மையான சாமானியனின் பிடிவாதத்தால்தான் நடந்து செல்லும் உரிமை பிழைத்தது. மன்னனின் மதிலுக்குள் மக்கள் நடமாடினர், மான்களும் அழியவில்லை. இன்றும் அங்கே நூற்றுக்கணக்கான மான்கள் மேய்கின்றன.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் ஒன்று. மக்கள் போய்வரும் இடத்தையே மக்கள் காப்பாற்றுவர். காலடி படாத சொத்து கைமாறிப் போனால் கண்ணீர் விட ஆளிராது. ஆகவே, கிண்டிப் பூங்காவுக்குக் குடும்பத்தோடு போவது வெறும் பொழுதுபோக்கு அன்று. அது நம் உரிமையைப் புதுப்பித்துக் கொள்ளும் செயல்.

கூட்டம் வந்தால் பூங்கா கெடும், கட்டணத்தை உயர்த்திக் கூட்டத்தைக் குறையுங்கள் என்று பேசுவோர் உண்டு. ஏழையின் பிள்ளை மானைப் பார்த்தால் மான் இளைத்துவிடுமோ? பூங்காவைக் கெடுப்பது கூட்டமன்று, பழக்கம். பழக்கத்தை மாற்றலாம், மக்களை விலக்கக் கூடாது. அப்படி விலக்கும் கட்டணம், பழைய கவர்னர் வேலியின் புதிய பெயராகவே இருக்கும்.

ஆனால் அதே நேரத்தில், உள்காட்டிலே நாம் நினைத்தபடி நுழைய முடியாதபடி வேலி இருக்கிறதே, அது ஏன் என்றும் கேட்கலாம். இந்த வேலி வேறு. அது அதிகாரத்தின் வேலியன்று. மான் குட்டி போடவும் ஆமை முட்டையிடவும் கட்டிய திரை. விருந்தினரை வரவேற்கும் வீட்டிலும் ஓர் உள்ளறை உண்டல்லவா?

மானுக்கு முறுக்கா?

உரிமை கொண்டாடுவோருக்குப் பொறுப்பும் உண்டு. பிள்ளை ஆசையாய் நீட்டுகிறது என்று மானுக்கு முறுக்கும், குரங்குக்கு பிஸ்கட்டும் கொடுக்கிறோம். அன்பு என்று எண்ணிச் செய்கிறோம். ஆனால் தழையைத் தின்று அசைபோடப் படைத்த வயிற்றுக்கு எண்ணெயும் உப்பும் நோய். பையோடு போட்டாலோ பெருங்கேடு. உப்பு மணத்துக்கு மான் பாலிதீன் பையை விழுங்குகிறது. அது செரிப்பதில்லை, வெளியேறுவதுமில்லை. இரைப்பையில் உருண்டு திரண்டு கிடக்கிறது. வயிறு நிறைந்ததாக எண்ணி மான் மேய்வதை நிறுத்துகிறது. பட்டினியால் மெலிந்து சாகிறது. புலியில்லாத காட்டில் மானைக் கொல்லும் புலி, நாம் எறியும் பை! தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. சட்டம் வந்துவிட்டது, நம் கைக்கு இன்னும் வரவில்லை.

செய்ய வேண்டியது பெரிதன்று. புளிச்சோறும் தயிர்ச்சோறும் தூக்குச்சட்டியில் எடுத்துப் போங்கள். தண்ணீருக்கு வீட்டுப் பாத்திரம் போதும். கொண்டுபோனதை எல்லாம் திரும்பக் கொண்டுவாருங்கள். வாழையிலையைக்கூட அங்கே விட்டெறிய வேண்டாம். பாம்புப் பண்ணையில் கண்ணாடியைத் தட்டாதீர்கள். அதிர்வு பாம்பின் உடம்பு முழுதும் உறைக்கும். கூண்டுக்கு முன் கூச்சலிடாதீர்கள். கோடைச் சருகில் ஒரு பீடித் துண்டு போதும், நூற்றாண்டுக் காட்டைக் கரியாக்க. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், தேசியப் பூங்காவில் விலங்கைச் சீண்டுவதையும் குப்பை போடுவதையும் தீ மூட்டுவதையும் குற்றம் என்கிறது. ஆனால் காவலர் வந்து தடுக்கும்வரை காத்திருப்பவன், தன் வீட்டையே பிறர் வீடாய் எண்ணுபவன்.

அரசாங்கத்துக்கும் ஒரு சொல்

மக்களுக்கு மட்டும் புத்தி சொல்லி அமைதல் நியாயமாகாது. குடிநீர்க் குழாய் இருந்தால் பாட்டில் வராது. சுத்தமான கழிப்பிடம் இருந்தால்தான் தாய்மார்கள் பிள்ளைகளோடு நிம்மதியாய் வருவார்கள். நுழைவுக் கட்டணம் ஒரு குடும்பத்தின் ஒருநாள் கூலியை விழுங்கக் கூடாது. பள்ளிகள் பிள்ளைகளை வரிசையாய்க் கூட்டிப்போய், இந்த மரம் எது, இந்தப் பறவை எது என்று சொல்லித்தர வேண்டும். பெயர் தெரிந்த மரத்தை வெட்ட மனம் வராது.

கிண்டியில் இன்னொரு நிலமும் கைமாறியிருக்கிறது. குதிரைப் பந்தயத்துக்கு 99 ஆண்டுக் குத்தகையில், ஆண்டுக்கு 614 ரூபாய் 13 அணா வாடகைக்குக் கொடுக்கப்பட்டிருந்த 160 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை, குத்தகையை முறித்து 2024 செப்டம்பரில் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அதில் 118 ஏக்கரில் பசுமைப் பூங்கா அமைப்பதாகவும் அறிவித்தது. வேளச்சேரிப் பக்கத்து வெள்ளத்தைத் தடுக்கக் குளங்களும் தோண்டப்பட்டன. விஷயம் வழக்கு மன்றப் படியும் ஏறியது. பணக்காரரின் பந்தயத் திடல் பாமரரின் நிழற்சோலையாவது மகிழத்தக்கதே. ஆனால் 505, 270 ஆன கணக்கை மனத்தில் வைத்தே அந்த 118ஐயும் நாம் அளந்துகொண்டிருக்க வேண்டும்.

2011இல் ஆலந்தூர் நகராட்சியோடு சேர்ந்து ஆதம்பாக்கம் மாநகராட்சிக்குள் வந்தது. வரி வந்தது, வீடுகள் அடுக்கடுக்காய் எழுந்தன, நிழல் மட்டும் குறைந்தது. அந்தக் குறைக்குக் கிண்டிக் காடு ஒரு மருந்து. போங்கள், பிள்ளைகளோடு போங்கள். நிழலில் அமருங்கள், மானைக் காட்டுங்கள், குப்பையைக் கையோடு கொண்டுவாருங்கள். நாளை எவரேனும் இன்னொரு நல்ல காரணத்தோடு, இன்னொரு கோப்போடு அந்தக் காட்டை அளக்க வந்தால், இது யாருடைய காடு என்ற கேள்விக்கு ஆதம்பாக்கத்துப் பையன் ஒருவன் தயங்காமல் பதில் சொல்ல வேண்டும்: எங்களுடையது!