ஆட்டுக்கல்லும் அடிக்கணக்கும்

ரயில் நிலைய நடைமேடைகளில் ஒரு காலத்தில் எடை பார்க்கும் இயந்திரம் நின்றுகொண்டிருந்தது. ஆளுயரத்துக்கு மேல் இருக்கும். கண்ணாடிக்குள் வண்ண விளக்குகள் மின்னும். ஏறி நின்று, சக்கரம் ஓயும்வரை பொறுத்திருந்து காசு போட்டால், எடையும் கூடவே ஒரு குணபலனும் அச்சான அட்டை வந்து விழும். போன தடவையைவிட எண் கூடியிருந்தால் வீட்டில் மகிழ்ச்சி. விடுதியிலிருந்து வந்த பிள்ளையைப் பார்த்து "கொஞ்சம் சதை போட்டிருக்கே" என்றால் அது பாராட்டு. "இளைச்சுப் போயிட்டியே" என்றால் கவலை. இன்று அதே இயந்திரம் மெல்லிய கண்ணாடிப் பலகையாகிப் படுக்கையறை மூலையில் கிடக்கிறது. அதில் ஏறுகிறவர் எண் குறைந்திருக்க வேண்டுமென்று வேண்டிக்கொண்டு ஏறுகிறார்.

இந்தத் திருப்பத்தைத் தேசிய குடும்ப நல ஆய்வின் எண்களிலும் காணலாம். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குள், உடல் நிறை குறியீட்டெண் 25 அல்லது அதற்கு மேல் உள்ளவர்கள் 2015-16இல் பெண்களில் 30.9 சதவீதம், ஆண்களில் 28.2 சதவீதம். 2019-21இல் பெண்கள் 40.4, ஆண்கள் 37. சில ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய பத்து சதவீதப் புள்ளிகள். இதில் சாப்பாட்டின் பங்கு பெரிது. அதைப் பற்றிப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். தட்டுக்கு வெளியே மாறியவற்றைப் பற்றி அவ்வளவு பேசப்படவில்லை.

1960களின் வீட்டு அடுப்படியை எடுத்துக்கொள்வோம். மறுநாள் இட்லிக்கு அரிசியும் உளுந்தும் ஊறும். மாலையில் ஆட்டுக்கல் முன்னால் பலகை போட்டு ஒருத்தி உட்காருவாள். ஒரு கை குழவியைச் சுற்றும், இன்னொரு கை மாவைத் தள்ளிக்கொண்டே இருக்கும். பெரிய குடும்பமென்றால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. அது முடிந்தால் குழம்புக்கு அம்மி. காலையில் கிணற்றில் வாளி, கயிறு, இடுப்பில் குடம். பிறகு துவைகல். இடையில் உட்காரவும் எழவும் தரைதான். நாற்காலி விருந்தாளிக்கு. அன்று யாரும் இவற்றை உடற்பயிற்சி என்று நினைத்ததில்லை. இட்லி வேண்டும், தண்ணீர் வேண்டும், அவ்வளவுதான்.

1950களில் கோயம்புத்தூரில் மின்சார கிரைண்டர் உருவெடுத்தது. முதலில் ஹோட்டல்களுக்கும் வசதியான வீடுகளுக்கும் போயிற்று. பிறகு நடுத்தரக் குடும்பங்களுக்கு. 2011இல் தமிழக அரசே மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி மூன்றையும் விலையில்லாமல் கொடுக்கத் தொடங்கியபோது, ஆட்டுக்கல் கொல்லைப்புறத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இப்போது பல தெருக்களில் மாவே பாக்கெட்டில் கிடைக்கிறது.

ஆண்களின் நாளும் இப்படியே சுருங்கியது. சைக்கிள் ஸ்கூட்டரானது. மின்கட்டணத்துக்கும் வங்கிக்கும் நடந்த நடை கைபேசிக்குள் போயிற்று. அலுவலகத்தில் மேசைக்கு மேசை கோப்பைச் சுமந்த காலுக்கும் வேலை போயிற்று.

உழைப்பு குறைந்தால் பசியும் தானாகக் குறைந்துவிடும் என்று தோன்றலாம். 1956இல் ஜீன் மேயரும் உடன் ஆய்வாளர்களும் மேற்கு வங்கத்துச் சணல் ஆலை ஒன்றில் 213 பேரைப் பார்த்தபோது அப்படித் தெரியவில்லை. உட்கார்ந்தே வேலை செய்தவர்கள், மிதமாக உழைத்தவர்களைவிட அதிகம் சாப்பிட்டார்கள், எடையும் கூடுதலாக இருந்தார்கள். அசைவு ஓர் அளவுக்குக் கீழே போனதும் பசியின் கணக்கு தவறிவிடுகிறது என்றே மேயர் கருதினார். அதே ஆண்டு லண்டனில் ஜெர்ரி மோரிஸ் பேருந்து ஊழியர்களின் சீருடை அளவுகளை ஆராய்ந்தார். மாடிப் பேருந்தில் நாளெல்லாம் படியேறி இறங்கிய நடத்துநர்களைவிட, உட்கார்ந்து ஓட்டிய ஓட்டுநர்களின் கால்சட்டை இடுப்பளவு பெரிதாக இருந்தது. ஒரே நிறுவனம், ஒரே பேருந்து, வேறு வேறு இருக்கை.

இதற்காக ஆட்டுக்கல்லைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று சொல்லும் குரல்களை நான் ஏற்கவில்லை. ஆட்டியவர்களிடம் கேட்டால் தெரியும்: தோள்பட்டை வலி, இடுப்பு வலி, மாவாட்டப் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட பெண்பிள்ளை. அந்தக் கல் நகர்ந்ததால் எத்தனையோ பெண்கள் படித்தார்கள், வேலைக்குப் போனார்கள். அந்த லாபம் பெரியது. போனது இன்னொன்று: உடலை அசைக்க யோசிக்க வேண்டியதில்லை என்ற நிலை. அன்று தேவை எழுப்பியது. இன்று ஒவ்வொரு நாளும் நாமே முடிவெடுத்து எழ வேண்டியிருக்கிறது. தினமும் புதிதாக முடிவெடுப்பது மனிதர்களுக்குக் கடினம். ஜனவரியில் ஜிம்மில் சேர்ந்து மார்ச்சில் நிறுத்தியவரைச் சோம்பேறி என்று திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. அவர் தாத்தாவுக்கு மன உறுதி அதிகம் இருந்ததென்று சொல்ல முடியாது; நடக்காமல் இருக்க அவருக்கு வழியில்லை.

ஆகவே இன்று செய்யக்கூடியது, முடிவெடுக்கும் பாரத்தைக் குறைப்பது. 2009இல் லண்டன் ஆய்வாளர்கள், ஒரு புதிய செயல் தானாக நடக்கும் பழக்கமாக எவ்வளவு நாளாகிறது என்று கவனித்தார்கள். இடைநிலை அளவு 66 நாள். ஆளுக்கு ஆள் மிகவும் வேறுபட்டது. காலைச் சிற்றுண்டிக்குப் பிறகு, இரவுச் சாப்பாட்டுக்கு முன் என்று ஏற்கெனவே நடக்கும் ஒன்றோடு புதியதை இணைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் கெடவில்லை. எனக்கு இதில் மிகவும் பிடித்தது இந்தக் கடைசி விஷயம்தான். ஒரு நாள் தவறியதும் "இனி என்ன" என்று கைவிடுகிறவர்கள் அதிகம். அமெரிக்காவில் எடையைக் குறைத்து, குறைத்ததைத் தக்கவைத்தவர்களின் பதிவேடு ஒன்று 1994 முதல் இருக்கிறது. தாமாக வந்து சேர்ந்தவர்கள் என்பதால் அதை வைத்து எல்லாருக்கும் விதி எழுத முடியாது. என்றாலும் அவர்களில் முக்கால்வாசிப் பேர் வாரம் ஒருமுறையாவது எடை பார்க்கிறார்கள். பத்தில் ஒன்பது பேர் சராசரியாக நாளுக்கு ஒரு மணி நேரம் உடலை அசைக்கிறார்கள்.

தூக்கத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். முன்பு ஒன்பது மணிக்குத் தெரு அடங்கிவிடும். இப்போது கைபேசி வெளிச்சத்தில் நள்ளிரவு தாண்டுகிறது. 2010இல் சிகாகோவில் பத்துப் பேருக்கு அளவான உணவு கொடுத்து, இரண்டு வாரம் எட்டரை மணி நேரமும் இன்னொரு இரண்டு வாரம் ஐந்தரை மணி நேரமும் படுக்கவைத்தார்கள். இரண்டிலும் எடை ஏறக்குறைய ஒரே அளவு குறைந்தது. ஆனால் தூக்கம் குறைந்த வாரங்களில் கரைந்த கொழுப்பு பாதிக்கும் கீழே. மீதி போனது தசை போன்றவை. சிறிய ஆய்வுதான். தூக்கத்தை வெட்டிவிட்டு விடியற்காலை நடைக்கு ஓடுகிறவர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

கிணற்றடியில் வேலையோடு பேச்சும் இருந்தது. அந்தத் துணையை இன்றைய நடைக் குழுக்கள் ஓரளவு மீட்டிருக்கின்றன. சென்னை பனகல் பூங்காவிலும் கோவை ரேஸ்கோர்ஸ் சாலையிலும் விடியலில் பார்த்தால் தெரியும்: தனியாக வருகிறவர் மழை, தலைவலி என்று நின்றுவிடலாம், குழுவோடு வருகிறவருக்கு ஆறு மணிக்கு வாட்ஸ்அப்பில் "எங்கே இருக்கீங்க?" என்று செய்தி வந்துவிடும். 2023 நவம்பரில் அரசு, மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைப்பாதையைக் குறித்து 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தைத் தொடங்கியது. நல்ல வேலை. ஆனால் அங்கு வருகிறவர்களில் ஆண்களே பெரும்பாலும் தென்படுகிறார்கள். அந்த நேரத்தில் பெண்கள் காபி, டிபன், பள்ளி டப்பா என்று நிற்கிறார்கள். மாலையில் தெருவில் நடைபாதை இல்லை, விளக்கு போதவில்லை. மொட்டை மாடியில் சுற்றிவருகிறார்கள். கிரைண்டர் மிச்சப்படுத்திக் கொடுத்த ஒரு மணி நேரம் அலுவலக வேலைக்கும் பிள்ளையின் வீட்டுப்பாடத்துக்கும் போயிற்று, அவர்கள் உடம்புக்கு வரவில்லை. குடும்ப நல ஆய்வில் பெண்களின் 40.4 என்ற எண் ஆண்களுடையதைவிடக் கூடுதலாக நிற்பதில் இதற்கும் பங்குண்டு என்றே நினைக்கிறேன். காலையில் கணவர் தோசை வார்த்து டப்பா கட்டும் சில வீடுகளிலிருந்து பெண்கள் பக்கத்துத் தெருத் தோழிகளோடு பூங்காவுக்கு வரத் தொடங்கியிருக்கிறார்கள். அந்த வீடுகளின் எண்ணிக்கை கூட வேண்டும்.