மாவான கருங்கல்

கலிபோர்னியாவின் சான் ஆண்ட்ரியாஸ் பிளவை ஒட்டிய சில இடங்களில் கிரானைட் பாறையைக் கையாலேயே உதிர்க்கலாம், மாவாகக் கொட்டும். ஆனால் அதன் படிகங்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அரைபட்டிருந்தால் எல்லாம் கலந்திருக்குமே! ஏன் கலக்கவில்லை? நிலநடுக்கத்தில் பாறை உடைந்து செல்லும் முனை நொடிக்கு 2, 3 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். அதன் அருகே அழுத்தமும் இழுவிசையும் கணப்பொழுதில் மாறும். ஒரே விரிசல் நீண்டு வளர நேரமில்லை; எண்ணற்ற நுண்விரிசல்கள் ஒருசேரத் திறக்கின்றன.

பாறைக்கும் காயம் ஆறும் என்பது எனக்கு இன்னும் வியப்புதான். 1992இல் அதே கலிபோர்னியாவில் லேண்டர்ஸ் நிலநடுக்கம் நொறுக்கிய பாறையில் அதிர்வலைகள் மெதுவாகச் சென்றன. ஆண்டுகள் போகப்போக, விரிசல்கள் மூடிக்கொள்ள, வேகம் கூடியது. 1999இல் அருகே ஹெக்டர் மைன் நிலநடுக்கம் குலுக்கியதும் மறுபடி குறைந்தது.