அலுமினியத்துக்கு ஒட்டுப் போட முடியுமா? வாட்டர் ஸ்கூட்டர் சைலன்சர் சொல்லும் பட்டறைப் பாடம்!

ஞாயிற்றுக்கிழமை மதுரை திலகர் திடல் சந்தைக்குப் போயிருக்கிறீர்களா? பழைய ஸ்பேனர், ஓடாத மிக்ஸி, கழற்றிப்போட்ட கார்புரேட்டர், எந்த வண்டியுடையது என்றே தெரியாத சைலன்சர் என்று தரையில் பரப்பி வைத்திருப்பார்கள். இரும்புச் சாமானில் விரிசல் இருந்தால் வாங்குகிறவர் பெரிதாகக் கவலைப்படத் தேவையில்லை. தெருமுனை வெல்டிங் கடையில் ஒட்டிக்கொள்ளலாம். அதுவே அலுமினியம் என்றால் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

ஏன் என்று புரிந்துகொள்ள, மதுரைக்குக் கொஞ்சம் தூரத்து உறவான ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம். கடலிலும் காயலிலும் ஓடுகிற வாட்டர் ஸ்கூட்டரின் சைலன்சர்.

சென்னைக்குத் தெற்கே முட்டுக்காடு, முதலியார்குப்பம் படகுத்துறைகளில் நுரை கிளப்பிக்கொண்டு சுற்றுமே, அந்த வண்டிதான். 1973-ல் கவாஸாகி நிறுவனம் 'ஜெட் ஸ்கீ' என்று விற்க ஆரம்பித்து, அந்தப் பெயரே ஊருக்கெல்லாம் நிலைத்துவிட்டது. இப்போது வருபவை பெரும்பாலும் ஃபோர் ஸ்ட்ரோக். பழைய வண்டிகளில் இருப்பது நம்ம ஆர்.எக்ஸ். 100 மாதிரி டூ ஸ்ட்ரோக் இன்ஜின்.

ஆர்.எக்ஸ். 100 சைலன்சர் இரும்புத் தகடு. ஓடும்போது காற்று பட்டு ஆறிக்கொள்ளும். வாட்டர் ஸ்கூட்டரில் அந்த வசதி கிடையாது. இன்ஜின், சைலன்சர் எல்லாமே மூடிய ஃபைபர் கூட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன. சூடு ஏறினால் கூடே உருகும். அதனால் சைலன்சருக்கு இரண்டு சுவர் வைத்து அலுமினியத்தில் வார்த்தார்கள். டீக்கடை பாய்லரை நினைத்துக்கொள்ளுங்கள்: நடுக்குழாயில் நெருப்பு, சுற்றிலும் தண்ணீர். இங்கே நடுவில் புகை, சுற்றிலும் கடல் தண்ணீர்.

பிரச்னை அங்கேதான் தொடங்குகிறது. உப்புத் தண்ணீரில் அலுமினியமும் ஸ்டீல் போல்ட்டும் ஒட்டி இருந்தால் அரிக்கப்படுவது அலுமினியம்தான். வெள்ளை வெள்ளையாகப் பொடி பூத்து, போல்ட் இறுகிப்போகும். முறுக்கினால் காது உடைந்து கையோடு வரும். (சூடு காட்டினால் அலுமினியம் இரும்பைப்போல இரண்டு மடங்கு விரியும். அந்த இடைவெளியில் போல்ட்டைத் திருகி எடுப்பது பழைய மெக்கானிக்குகளின் பொறுமைக் கலை.) வெளிச்சுவரில் விரிசல் விட்டால் கூட்டுக்குள் தண்ணீர் சேரும். உள்சுவரில் விட்டால் இன்னும் மோசம். தண்ணீர் நேராக சிலிண்டருக்குப் போய் பேரிங்கைத் துருவாக்கிவிடும். கரையிலிருந்து தள்ளி இன்ஜின் நின்றுபோனால் தள்ளிக்கொண்டு வர அங்கே ரோடு இல்லை.

வெறும் புகைக்குழாய் இல்லை!

'உடைந்ததை வெட்டிவிட்டு வேறு வண்டிக் குழாயை ஒட்டினால் என்ன?' என்று கேட்பார்கள். டூ ஸ்ட்ரோக்கில் சைலன்சரும் இன்ஜினின் ஒரு உறுப்பு. எரிந்த புகை வெளியேறும்போது புது பெட்ரோல் கலவையும் கொஞ்சம் கூடவே நழுவும். சைலன்சர் நடுவில் பருத்து, கடைசியில் குறுகியிருப்பதால் அழுத்த அலை ஒன்று முட்டித் திரும்பி வந்து, நழுவிய கலவையை சரியான நேரத்தில் உள்ளே தள்ளிவிடுகிறது. குழாயை இரண்டு அங்குலம் கூட்டினாலோ குறைத்தாலோ அந்த நேரம் தப்பும். வண்டி இழுக்கிற வேகமும் மாறிப்போகும்.

இந்த வித்தையை 1950-களில் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். நிறுவனத்தில் செம்மைப்படுத்தியவர் வால்டர் காடன். அவருடைய ரேஸ் வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் 1961-ல் ஸ்வீடன் பந்தயத்துக்குப் போன இடத்தில் நாட்டைவிட்டுத் தப்பி, அறிந்த ரகசியங்களோடு சுஸுகியில் சேர்ந்தார். அடுத்த வருஷமே 50 சிசி உலக சாம்பியன் பட்டம் அவருக்கும் சுஸுகிக்கும். 1911-ல் மதுரையில் டி.வி. சுந்தரம் ஐயங்கார் தொடங்கிய டி.வி.எஸ். குடும்பம், பிற்பாடு அதே சுஸுகியோடு கைகோத்து 1984-ல் இண்ட் சுஸுகி ஏ.எக்ஸ். 100-ஐ ரோட்டில் விட்டது. தூரத்து உறவு என்று சொன்னேன் அல்லவா!

வாட்டர் ஸ்கூட்டரில் இன்னொரு நுணுக்கம். பல வண்டிகளில் புகைக்குள்ளேயே கொஞ்சம் தண்ணீரைப் பீய்ச்சுகிறார்கள். புகை ஆறினால் அலை மெதுவாகப் போகும். குழாய் நீளமானது போல இன்ஜின் ஏமாறும். தண்ணீர்த் துளையை அடைத்து ஒட்டிவிட்டால், ஒட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் வண்டி சரியாக ஓடாது. வெட்டுவதற்கு முன்பு அளவெடுத்து, தண்ணீர் போகும் வழியைப் படம் வரைந்துகொள்ளாதவர் அரத்தைத் தொடவே கூடாது என்பது என் கட்சி.

நிறம் மாறாமல் உருகும்!

சரி, ஒட்டுவோம். இரும்பு சூடேறினால் சிவந்து எச்சரிக்கும். அலுமினியத்துக்கு அந்த நல்ல பழக்கம் இல்லை. 660 டிகிரியில் நிறம் மாறாமலே தொபுக்கென்று விழும். ஆனால், அதன் மேல் காற்றுபட்டு உருவாகும் ஆக்ஸைடு படலமோ 2,000 டிகிரிக்கு மேல்தான் உருகும். பாலாடையை உடைக்காமல் பாலைத் தொட முடியாத கதை. உள்ளே உருகி, மேலே தோல் அப்படியே நிற்கும்.

அதனால்தான் 'ஆர்கான் வெல்டிங்' என்று போர்டு வைத்த கடையைத் தேட வேண்டும். டங்ஸ்டன் ஊசியிலிருந்து மின்பொறி. சுற்றிலும் காற்றை விரட்ட ஆர்கான் வாயு. ஆர்கான் என்றால் கிரேக்கத்தில் சோம்பேறி என்று அர்த்தம். எதோடும் சேராது, அதுதான் இங்கே தேவை. மின்சாரம் ஏ.சி.யாக இருக்க வேண்டும். ஒரு பாதி சுற்றில் ஆக்ஸைடு உடைகிறது, மறு பாதியில் உலோகம் உருகுகிறது. விமானம் செய்கிற அமெரிக்க நார்த்ராப் நிறுவனத்தில் ரஸ்ஸல் மெரெடித் 1940-களின் தொடக்கத்தில் ஹீலியம் வாயுவை வைத்து உருவாக்கிய முறையின் வாரிசு இது.

மெஷின் இருந்தால் மட்டும் போதாது. கடலில் கிடந்த வார்ப்பு, எண்ணெயையும் உப்பையும் குடித்துவைத்திருக்கும். பொறி பட்டதும் அதெல்லாம் கொப்பளித்து, ஒட்டு பணியாரம்போல ஓட்டையாகிவிடும். அரைக்கணும், கழுவணும், சூடாக்கி ஈரத்தை விரட்டணும், அலுமினியத்துக்கென்றே தனியாக வைத்த ஸ்டெயின்லெஸ் பிரஷ்ஷால் தேய்க்கணும். ஒட்டுகிற நேரத்தைவிட சுத்தம் செய்கிற நேரம் அதிகம். அதற்கும் சேர்த்துக் கூலி கேட்டால் முகம் சுளிக்காதீர்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். கழுவுவதற்கு குளோரின் கலந்த பிரேக் கிளீனர் ஸ்பிரேயைப் பயன்படுத்தவே கூடாது. மிச்சத்தில் வெல்டிங் வெப்பமும் புற ஊதாக் கதிரும் பட்டால் ஃபாஸ்ஜீன் உருவாகும். முதல் உலகப்போரில் ஆட்களைக் கொன்ற விஷவாயு அது. உள்ளே போன உடனே பெரிதாகத் தெரியாது, சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். அசிட்டோன் போதும், அதுவும் முழுக்க உலர்ந்த பிறகே பொறி. பெட்ரோல் வாடை உள்ள மூடிய டப்பாவை எக்காரணம் கொண்டும் அப்படியே ஒட்டக்கூடாது, வெடிக்கும்.

வாட்டர் ஸ்கூட்டர் உங்கள் வீட்டில் இருக்காது. ஆனால் கார் ஆயில் சம்ப், புல்லட் கிராங்க் கேஸ் இருக்கலாம். மேற்சொன்ன சுத்தம் இருந்தால் இவற்றை நம்பி ஒட்டலாம். அலாய் வீல் ஆரம் உடைந்தால் நான் ஒட்டி ஓட்ட மாட்டேன், புதிது வாங்குவேன். குக்கர் உடம்பில் விரிசல் என்றால் அதைப் பழைய சாமானுக்குப் போட்டுவிடுங்கள். அழுத்தம் தாங்கவேண்டிய பாத்திரத்தில் ஒட்டு வேண்டாம்.

சைலன்சருக்கு வருவோம். ஒட்டி ஆறிய பிறகு சோதனை ரொம்ப எளிது. ஒரு துளையை விட்டு மற்ற தண்ணீர்த் துளைகளையெல்லாம் அடைத்து, அந்த ஒன்றில் காற்றை மெல்ல ஏற்றி, தொட்டியில் முக்குவார்கள். பஞ்சர் கடை டியூப் மாதிரியேதான். குமிழி வந்தால் சாக்பீஸால் வட்டம் போட்டு, அந்த இடத்தை மறுபடி அரைத்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வெளியே குமிழி இல்லை என்றால், தண்ணீரிலிருந்து எடுத்துத் துடைத்துவிட்டு, புகைக்குழாயின் உட்புறத்தில் சோப்பு நுரை தடவி டார்ச் அடித்துப் பாருங்கள். உள்சுவர் ஓட்டை அப்போதுதான் தெரியும்.